சொல்லாமல் கிளம்பிய சனிக்கிழமை

என் தங்கை மகளை நான்கு மாதக் குழந்தையிலிருந்து நான்கு வயது வரை வளர்த்தவள் நான். அவளை என்னிடமே வைத்துக்கொள்வதற்காக ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஒரு காரியம் செய்தேன். அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் என் தங்கை என்னை மன்னித்துவிடுவாள், அதுதான் பயம். அவள் மன்னிப்பை வாங்கிக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்துக் காப்பி குடிக்கும் தைரியம் எனக்கு இல்லை.

எங்கள் வீடு தாம்பரம் சானடோரியம் பக்கம், தண்டவாளத்துக்கு இரண்டு தெரு தள்ளி. அப்பா கட்டியது. எனக்குக் கல்யாணம் அமையவில்லை என்று எங்கள் சர்ச் சபையில் பேசிக்கொள்வார்கள். வந்த மூன்று இடத்தையும் வேண்டாம் என்றது நான்தான். ஒவ்வொருவரையும் பிடித்து நிறுத்தித் திருத்த அலுப்பாக இருந்ததால் அப்படியே விட்டுவிட்டேன். ஏற்றுமதித் துணி கம்பெனி ஒன்றில், தைத்து வரும் சட்டைகளில் குறை பார்க்கும் வேலை. பதினாறு வருடம் பிறர் தையலில் குறை கண்டுபிடித்தவளுக்கு வாய் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தங்கை என்னைவிட எட்டு வயது இளையவள். சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனி. அவள் கணவருக்கு வெளிநாட்டில் வேலை, வருடத்துக்கு ஒரு மாதம் வந்து போவார். பிரசவத்துக்கு என் வீட்டுக்கு வந்தவள் அப்படியே தங்கிவிட்டாள். பிரசவ விடுப்பு முடிந்து அவள் திரும்பப் போக வேண்டிய வாரம், நான் என் கம்பெனியில் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். யாரும் கேட்கவில்லை. குழந்தையை இன்னொருத்தி கையில் கொடுப்பதை நினைத்துப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.

காலை ஆறரைக்கு கம்பெனி வண்டி வந்து ஹாரன் அடிக்கும். நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய், “அதோ பாரு, ரயில் வருது” என்பேன். அந்த நேரத்துக்குள் தங்கை முன்பக்கமாக நழுவிவிடுவாள். குழந்தை திரும்பிப் பார்த்து அம்மாவைக் காணாமல் கொஞ்ச நேரம் அழும், பிறகு என் தோளில் ஒட்டிக்கொள்ளும். எங்களையும் இப்படித்தான் வளர்த்தார்கள், இதில் தப்பு என்று யாருக்கும் தோன்றியதில்லை. உண்மையைச் சொன்னால், அந்தத் தோளில் ஒட்டிக்கொள்ளும் நேரம்தான் எனக்கு நாளிலேயே பிடித்த நேரம்.

குழந்தைக்கு இரண்டே முக்கால் வயது ஆனபோது தங்கை ஒரு விண்ணப்பப் படிவத்தோடு வந்தாள். முடிச்சூர் ரோட்டில் ஒரு சமுதாயக் கல்லூரி. மழலையர் கல்வியில் ஓராண்டு டிப்ளமோ. வயது வரம்பு கிடையாது, காலை மூன்று மணி நேரம்தான் வகுப்பு. கீழ்த்தளத்திலேயே அவர்கள் நடத்தும் விளையாட்டுப் பள்ளி இருந்தது, மாடியில் எங்கள் வகுப்பு.

“எனக்கெதுக்கு இந்த வயசுல படிப்பு?” என்றேன்.

“உனக்குக் குழந்தைங்கன்னா பிடிக்கும். ஒரு சர்டிஃபிகேட் இருந்தா நல்லதுதானேக்கா.”

குழந்தையை நான் இன்னும் நன்றாக வளர்க்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். ஒரு பக்கம் சுருக்கென்றும் இருந்தது, இவ்வளவு நாள் சரியாக வளர்க்கவில்லையோ என்று. வகுப்பு நேரத்தில் பக்கத்து வீட்டு அம்மா குழந்தையைப் பார்த்துக்கொண்டார். வகுப்பில் எல்லாம் இருபது வயதுப் பெண்கள். முதல் வாரம் என்னை அக்கா என்றார்கள், இரண்டாவது வாரம் ஆன்ட்டி என்றார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை, அவர்கள் நோட்டைக் கடன் வாங்க வேண்டியிருந்தது.

இரண்டாம் பருவத்தில் பொருளாதாரம் ஒரு கட்டாயத் தாள். நாளைக்கு நீங்களே ஒரு பள்ளி நடத்தினால் உதவும் என்றார்கள். பாடம் எடுத்தவர் ஓய்வு பெற்ற கல்லூரி ஆசிரியர், குரோம்பேட்டையிலிருந்து ரயிலில் வருவார். எந்தக் கேள்விக்கும் கோபப்பட மாட்டார், அதனாலேயே எனக்கு அவரைச் சீண்டத் தோன்றும்.

“ஒன்னைத் தேர்ந்தெடுக்கறோம்னா அதோட விலை நாம கொடுக்கற பணம் மட்டும் இல்ல. அதுக்காக எதை விட்டோமோ, அதுதான் நிஜமான விலை. இதுக்குப் பேரு வாய்ப்புச் செலவு” என்று ஒருநாள் எழுதிப் போட்டார். அடுத்த வாரம் தேசிய வருமானம் நடத்தும்போது, வீட்டில் பெண்கள் செய்யும் வேலை அதில் சேராது என்றார். நான் எழுந்தேன்.

“சார், நான் என் தங்கச்சி குழந்தையை வளர்க்கறேன். அது சேருமா?”

“சேராதும்மா.”

“சம்பளத்துக்கு ஒரு ஆயா வச்சு வளர்த்தா?”

“சேரும்.”

“அப்போ நான் ஆயாவைவிடக் குறைச்சலா சார்?”

பெண்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. “குறைச்சல்னு சொல்லலம்மா. அதை அளக்க எங்ககிட்ட அளவுகோல் இல்ல” என்றார். நான் ஜெயித்துவிட்ட மாதிரி உட்கார்ந்தேன். அன்று சாயங்காலம் இதைத் தங்கையிடம் நடித்துக் காட்டினேன். அவள் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு என்னை ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் அப்போது எனக்குத் தெரியவில்லை.

எங்கள் செய்முறைப் பயிற்சியில் பெரியது, ஒரு குழந்தையைப் பிரிவுக்குப் பழக்கி, நான்கு வாரம் கவனித்துப் பதிவேடு எழுதுவது. வீட்டைவிட்டு முதன்முதலில் பள்ளிக்கு வரும் குழந்தையை ஒரேயடியாக விட்டுவிட்டு ஓடக் கூடாது. முதல் வாரம் கூடவே உட்கார வேண்டும். இரண்டாம் வாரம் கதவோரம். மூன்றாம் வாரம், ‘போகிறேன், நீ பால் குடித்து முடித்ததும் வந்துவிடுவேன்’ என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போய், சொன்னபடி சொன்ன நேரத்தில் திரும்பி வர வேண்டும். நான்காம் வாரம் முழு நேரமும் விடலாம். சொல்லாமல் நழுவுவதுதான் இருப்பதிலேயே பெரிய தப்பு என்றார் செய்முறை வகுப்பு எடுத்த மேடம். அழுகை நின்றுவிட்டது என்று நாம் நினைப்போம், ஆனால் குழந்தை அன்றிலிருந்து யார் எப்போது காணாமல் போவார்களோ என்று பார்த்துக்கொண்டே இருக்கும் என்றார். எனக்கு எங்கள் வீட்டுப் பின்பக்கம் ஞாபகம் வந்து முகம் சூடானது. அன்று வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக ரயில் காட்டுவதை நிறுத்தினேன். தங்கை தினமும் சொல்லிவிட்டுப் போக ஆரம்பித்தாள்.

சொந்தக் குழந்தையை வைத்துப் பதிவேடு எழுதக் கூடாது என்பது விதி. பெற்றவள் கண்ணுக்குக் குழந்தை சரியாகத் தெரியாதாம். எனக்கு வேறு குழந்தையைத் தேடி அலையப் பொறுமை இல்லை. நம்மிடமே ஒன்று இருக்கும்போது எதற்கு?

“உங்க வீட்டுக் குழந்தைன்னு கேள்விப்பட்டேனே” என்றார் மேடம்.

“வீட்ல இருக்கு மேடம். ஆனா என் குழந்தை இல்ல. தங்கச்சி பொண்ணு.”

“உறுதியா? அம்மா மாதிரி பழக்கம் இருந்தா சரியா வராது.”

“நான் அம்மா இல்ல மேடம்” என்று சொல்லி, படிவத்தில் உறவுமுறை என்ற இடத்தில் ‘தங்கை மகள்’ என்று எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். சுலபமாகக் காரியத்தை முடித்துவிட்டேன் என்று அன்றைக்கு எனக்கு என்மேலேயே மெச்சல்.

மூன்றாம் வாரம் முதல் நாள் குழந்தையிடம் சொல்லிவிட்டு, விளையாட்டுப் பள்ளிக்கு வெளியே வந்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குத்துக்கல்லில் உட்கார்ந்தேன். உள்ளே அவள் அழுகிறாள். ஆயிரம் குழந்தை அழுதாலும் அந்தக் குரல் எனக்குத் தனியாகக் கேட்கும். நோட்டில் நேரம் போட்டு எழுதிக்கொண்டிருந்தேன். விளையாட்டுப் பள்ளியின் ஆயா குடத்தோடு வந்து நின்றாள்.

“இன்னாம்மா நீ, கொயந்த உள்ள அப்டி அயுதுகினு கீது, நீ இங்க குந்திகினு எயுதிகினு கீற?”

“படிப்புக்கும்மா.”

“நல்லா படிச்ச போ” என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனாள்.

பால் டம்ளர்களைக் கழுவும் சத்தம் கேட்டதும் உள்ளே போனேன். சொன்னபடி வந்தேன் என்று அவளுக்குக் காட்ட வேண்டும். அடுத்த நாள் பாதி நேரம் அழுதாள். அதற்கடுத்த நாள் கொஞ்சம். நான்காம் வாரம் புதன்கிழமை, “பெரியம்மா போயிட்டு வரேன்” என்றபோது, கட்டைகளை அடுக்கிக்கொண்டே “சரி” என்றாள். தலையைக்கூடத் தூக்கவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் அன்று நான் அழுதேன். பதிவேட்டில் அதை எழுத இடம் இல்லை. வகுப்பிலேயே என் பதிவேட்டுக்குத்தான் அதிக மதிப்பெண்.

பெருமை தாங்காமல் அதைத் தங்கையிடம் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து, புடவையைக்கூட மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்து முதலிலிருந்து கடைசி வரை படித்தாள். குழந்தை உள்ளே தூங்கிக்கொண்டிருந்தது. மூடி வைத்துவிட்டுச் சொன்னாள்.

“அக்கா, நாவலூர்ல ஃப்ளாட் ரெடியாயிடுச்சு. அவரும் அங்க வேலையை விட்டுட்டு மொத்தமா வந்துடறாரு. ஜூன்ல எல்கேஜி அங்கேயே சேர்த்துடலாம்னு இருக்கோம்.”

நான் அந்தப் பதிவேட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

“உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு ஒரு வருஷமா பயந்துக்கிட்டிருந்தேன். அவளை உன்கிட்டேருந்து எப்படிப் பிரிக்கறதுன்னே தெரியல. இப்போ நீயே பழக்கிட்டே.”

ஒரு வருஷமா என்ற சொல் கொஞ்சம் தாமதமாகத்தான் என் தலைக்குள் போனது. “அப்போ அந்தக் காலேஜ் ஃபாரம்?” என்றேன்.

“அவ எங்ககூட வந்துட்டா நீ தனியா என்னக்கா பண்ணுவே. அதான், முன்னாடியே உனக்குன்னு ஒன்னு இருக்கட்டும்னு.”

எனக்கு வந்த கோபம் இன்றைக்கும் நினைவிருக்கிறது. அவள் நல்லதுதான் நினைத்தாள் என்பது கோபத்தை இன்னும் ஏற்றியது. “பெத்துட்டா போதுமா?” என்று கேட்டேன். குறை பார்க்கும் வாய், தையல் எங்கே பிரியும் என்று தெரிந்து அந்த இடத்தைப் பிடித்து இழுத்தது.

அவள் குரலை உயர்த்தவில்லை. “போதாதுக்கா. அதனாலதான் கூட்டிட்டுப் போறேன்” என்றாள். பிறகு, “ஆன்சைட் வந்துச்சு, வெளிநாட்டுல ரெண்டு வருஷம். ப்ரமோஷனோட. வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டேன்” என்றாள். அவளும் ஒன்றை விட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறாள். பாடத்தில் அதற்குப் பெயர் எனக்குத் தெரியும், பரீட்சையில் விடை எழுதி மதிப்பெண்கூட வாங்கியிருந்தேன். ஆனாலும் அன்றைக்கு நான் அவளுக்குச் சாப்பாடு போடவில்லை.

மே மாதம் அவர்கள் ஃப்ளாட்டுக்குப் போவதற்கு முன், தங்கையே என்னிடம் கேட்டாள், அதே மாதிரி நான்கு வாரத் திட்டம் ஒன்று போட்டுத் தர முடியுமா என்று. இந்த முறை புது வீட்டுக்கும் அம்மாவுக்கும் பழக்க வேண்டும். முடியாது என்று சொல்ல எனக்குக் காரணம் இல்லை, சான்றிதழ் இருக்கிறதே. வெள்ளைத் தாளில் கட்டம் போட்டு எழுதிக் கொடுத்தேன். அவள் அதைப் புது ஃப்ரிட்ஜில் ஒட்டினாள். சனிக்கிழமை தவிர மற்ற நாளெல்லாம் குழந்தை என்னிடம். சனிக்கிழமை நான் அவளை அழைத்துக்கொண்டு நாவலூர் போவேன். முதல் சனிக்கிழமை நாள் முழுக்க அவள் கூடவே இருந்தேன். இரண்டாவது சனிக்கிழமை பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அவள் அறைக்கும் பால்கனிக்கும் ஓடி ஓடி வந்து பார்த்துவிட்டுப் போனாள். மூன்றாவது சனிக்கிழமை, கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போய், அவள் சாப்பிட்டு முடித்ததும் திரும்பி வர வேண்டும்.

நான் சொல்லவில்லை. தங்கை அவளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள், அவள் கணவர் இன்னும் ஊர் வந்து சேரவில்லை. உள்ளே தண்ணீர்ச் சத்தமும் சிரிப்பும் கேட்டது. நான் பையை எடுத்துக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, லிஃப்டில் இறங்கிவிட்டேன். அந்த நிமிடத்தில் தோன்றியது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் காலையில் அவளை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்திருந்தேன். ஷேர் ஆட்டோ பிடித்துக் கேளம்பாக்கம் வந்து, தாம்பரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

என் திட்டம் இதுதான். அவள் அழுவாள். மூச்சு முட்ட அழுவாள். தங்கையால் சமாளிக்க முடியாது. ‘இன்னும் ஒரு வருடம் போகட்டும், குழந்தை தயாராகவில்லை’ என்று நான் சொல்வேன். படித்தவள் சொன்னால் கேட்பார்கள். நான் செய்வது குழந்தைக்கு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். தெரியாத தாய்மார்கள் செய்வது வேறு. எனக்குப் பாடமாகவே தெரியும், தெரிந்துதான் செய்தேன்.

மாம்பாக்கம் தாண்டும்போது போன் அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. கண்டிகை வருவதற்குள் ஏழு தடவை. ஒவ்வொரு தடவையும் எனக்கு மனசு நிறைந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது. வண்டலூரில் எடுத்தேன்.

“அக்கா, எங்க இருக்கே? அவ வீடு பூரா உன்னத் தேடறாக்கா.”

“அழறாளா?”

“அழலக்கா. அழவே இல்ல. பீரோவைத் திறந்து பாக்கறா. வாஷிங் மெஷின் மூடியத் தூக்கிப் பாக்கறா. கட்டிலுக்கு அடியில படுத்துப் பாத்துட்டு, மறுபடியும் பீரோவைத் திறக்கறா. கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கறா. எனக்குப் பயமா இருக்கு.”

பஸ் நின்ற இடத்திலேயே இறங்கிவிட்டேன். எதிர்ப்பக்கம் போய் நின்றால் பஸ் வருவதாக இல்லை. வெயிலில் ஒரு ஆட்டோவைக் கெஞ்சிப் பிடித்து, கேளம்பாக்கத்தில் அது நின்றுபோய், வேறு ஒன்று பிடித்து, போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆனது. வழியெல்லாம் ஆண்டவரிடம் பேசினேன். எனக்காக ஒன்றும் கேட்கவில்லை, அவள் அழ வேண்டும் என்று மட்டும் கேட்டேன். அழும் குழந்தையை எனக்குத் தேற்றத் தெரியும்.

கதவு திறந்தே இருந்தது. தங்கை கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். குழந்தை அவள் மடியில், துவட்டாத தலையோடு, அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்திருந்தாள்.

“பெரியம்மா வந்துட்டேன் பாரு” என்று கையை நீட்டினேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. யாரென்று சரிபார்த்துக்கொள்வது போல ஒரு பார்வை. பிறகு முகத்தை மறுபடி அம்மாவின் கழுத்துக்கே கொண்டுபோனாள். தங்கை அவளைத் தூக்கி என்னிடம் கொடுக்கப் பார்த்தாள். அவள் இரண்டு கையாலும் அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். விரல் வெளுத்துப் போகும் அளவுக்குப் பிடி. நான்கு வருடத்தில் என் தங்கையை அவள் மகள் அப்படிப் பிடித்ததே இல்லை. குழந்தையின் தலைக்கு மேல் தங்கையின் கண் நிறைந்ததைப் பார்த்தேன். அவளுக்குச் சந்தோஷம். அந்தச் சந்தோஷம் எனக்குத் தெரிந்துவிடுமோ என்று அவளுக்கு வெட்கம். இரண்டையும் நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“பெரியம்மாவுக்கு உன்கிட்ட சொல்லிட்டுப் போனா அழுகை வந்துடும்டா, அதான்” என்று அவளே குழந்தையிடம் எனக்காகப் பேசினாள். என்னைப் பார்த்து, “பரவாயில்லக்கா. உன்னால முடியலன்னு எனக்குப் புரியுது” என்றாள். நான் தலையை ஆட்டினேன். அந்தப் பொய்யை அவள்தான் கையில் கொடுத்தாள், நான் வாங்கிக்கொண்டேன்.

நான்காவது சனிக்கிழமை தேவைப்படவில்லை. அன்றிலிருந்து குழந்தை அங்கேயே இருந்துவிட்டாள்.

இப்போது நான் அதே விளையாட்டுப் பள்ளியில் ஆசிரியை. புதுக் குழந்தைகளைப் பழக்கும் பொறுப்பு என்னுடையது. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு நழுவப் பார்க்கும் தாய்மார்களைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவந்து, சொல்லிவிட்டுப் போக வைப்பேன். ரொம்பக் கறார் என்று பேசிக்கொள்கிறார்கள், ஆயா வந்து சொன்னாள்.

தங்கை வீடு பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை போகிறேன். குழந்தை யுகேஜி. நன்றாக இருக்கிறாள். அப்பா வேலைக்குக் கிளம்பினால் கையை ஆட்டிவிட்டு ஓவியத்துக்குத் திரும்பிவிடுகிறாள். அம்மா கடைக்குப் போனால் தேடுவதில்லை. ஸ்கூல் வேனில் தானே ஏறிக்கொள்கிறாள். நான் போகும் நாளில் மட்டும் அவள் விளையாடுவதில்லை. பொம்மைகளை அப்படியே போட்டுவிட்டு வந்து என்னை ஒட்டி உட்கார்ந்துகொள்வாள். நான் தண்ணீர் குடிக்க எழுந்தால் கூடவே எழுந்து வருவாள். குளியலறைக்குப் போனால் கதவுக்கு வெளியே நின்று, “பெரியம்மா?” என்று நடுநடுவே கூப்பிட்டுப் பார்ப்பாள்.

“பாருக்கா, இன்னும் உன்மேல எவ்வளவு பாசம். உன்ன விட்டு நகர மாட்டேங்கறா” என்கிறாள் தங்கை. ஆமாம் என்கிறேன். பாசம் இல்லை என்று சொல்லவில்லை, அதுவும் இருக்கும். ஆனால் உலகத்தில் எல்லோரையும் நம்பி விட்டுவிடக் கூடிய அந்தக் குழந்தை, ஒரே ஒரு ஆளை மட்டும் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. அது ஏன் என்று அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

போன தடவை அவள் பென்சிலும் தாளும் அறையில் அப்படியே கிடந்தன. பக்கத்து வீட்டுக் குழந்தை வந்து இரண்டு முறை விளையாடக் கூப்பிட்டுவிட்டுப் போனது. நான் அவள் தலையைத் தடவி, “போய் விளையாடு கண்ணு. பெரியம்மா சொல்லாம போக மாட்டேன்” என்றேன்.

“சரி பெரியம்மா” என்றாள். என் முந்தானையை விடவில்லை.